வீட்டுக்குள் போட்ட மில்

டாக்டர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நாங்கள் பட்ட பேஜார் கொஞ்சநஞ்சமில்லை.

என் வீட்டுக்காரர் சுப்பராயலுவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காலுக்கு ஆபத்து என்று வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தெருவில் நடக்க முடியாது என்றார் இவர். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரணியில் நடக்கத் தெருவா இல்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "அப்ப வீட்டுலயே ஒரு த்ரெட்மில் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்கள் காதில் அப்படித்தான் விழுந்தது.

த்ரெட் என்றால் நூல், மில் என்றால் மில். பட்டு நெய்கிற ஊரில் இதற்கு அகராதி வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரைக்கும் நூல் மில்லுக்கும் என்ன சம்பந்தம்? பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது அவரே கண்டுபிடித்துச் சொன்னார். முப்பது வருஷமாகத் தறிக்குழியில் உட்கார்ந்தே இருப்பதால் வந்த வியாதியாம் இது. பட்டு முறுக்கும் மில் போட்டால், அறுந்த இழையை முடிபோட மிஷினைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடந்த மாதிரியும் ஆச்சு, தொழில் பார்த்த மாதிரியும் ஆச்சு. டாக்டர் பெரிய மூளைக்காரர் என்று மெச்சிக்கொண்டார். கேட்பவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்களே, அந்தக் கதைதான். மாத்திரை எழுதுகிற டாக்டரைப் பார்த்திருக்கிறேன், ஊசி எழுதுகிற டாக்டரைப் பார்த்திருக்கிறேன். தொழிலை மாற்றி எழுதுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் போளூர் ரோட்டில் மில் வைத்திருக்கும் வீரபாகுவிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார். மிஷின் இருபது அடி, எங்கள் கூடம் பதினாலு அடி. தறியைப் பிரித்துப் போட்டாலும் மிச்சம் ஆறு அடி தெருவில் நிற்கும். கயிறு பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டே இருந்தார். தறியிலோ பாதிச் சேலை. அதுவும் உருப்படியாக வரவில்லை. கொஞ்ச மாதமாகவே அவர் நெசவில் பிசகு விழுந்துகொண்டிருந்தது. குழிக்குள் ஒரு மிதிக்கட்டையை மிதிக்க வேண்டிய நேரத்தில் பக்கத்துக் கட்டையை மிதித்துவிடுவார். ஊரில் கை சுத்தமான நெசவாளி என்று பேர் வாங்கிய மனுஷன். கண் கெட்டதா கவனம் கெட்டதா என்று நான் தினமும் பிடிபிடியென்று பிடித்தேன்.

குழப்பம் தாங்காமல் சென்னையில் இருக்கும் மகள் பானுப்ரியாவுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிஷம் சிரித்துவிட்டுத்தான் பேசினாள். "அது நூல் மில்லு இல்லம்மா, ட்ரெட்மில். நின்ன எடத்துலயே நடக்கற மிஷின்."

நின்ற இடத்தில் எப்படி நடப்பது? நிற்பதென்றால் நிற்பது, நடப்பதென்றால் நடப்பது. வேலூரில் கடையில் ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினேன். அங்கேயும் குழப்பம் விடவில்லை. கடைக்காரர் முதலில் காட்டியது மோட்டார் இல்லாதது. காலாலேயே பட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் கட்டையை மிதித்த ஆளுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். இவர் வேண்டாம் என்றார். அடுத்தது மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கிற மாதிரி. அதுவும் வேண்டாம். மோட்டாரின் பலத்தைக் கேட்கவில்லை, பட்டையின் அகலத்தைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மிஷினிலும் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து உலுக்கி உலுக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நீளக் கம்பி வைத்த, இருப்பதிலேயே பெரியதைக் காட்டி அதுதான் என்றார். வாங்குவது நடப்பதற்கா தொங்குவதற்கா என்று கடையிலேயே கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

தறிக்கும் சுவருக்கும் நடுவில் மிஷின் வந்து உட்கார்ந்தது. மகள் கான்வாஸ் ஷூ வாங்கி அனுப்பினாள். பொழுது போகட்டும் என்று டிவியை எதிரில் திருப்பி வைத்தேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, குனிந்து தன் காலையே பார்த்தபடி நடந்தார். அரை மணி நேரமும் அதே பார்வை. கால் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேலி செய்தேன்.

ஒன்பதாம் நாள் நடந்து முடித்து ஷூவைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு தார்க்குச்சி உருண்டு விழுந்தது. ஊடை நூல் சுற்றுகிற குச்சி, சுண்டுவிரல் அளவு இருக்கும். தறி இருக்கும் வீட்டில் அது எங்கேயும் கிடக்கும், தவறி ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அவர் காலுறையின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம்.

அரை மணி நேரம் அதன் மேல் நடந்திருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"வலிக்கலையாங்க?"

"கால் இருக்குதான்னு பாத்தாத்தான் தெரியுது, தேவகி. ஆடி மாசம் மார்க்கெட்டுல இருந்து ஒத்தச் செருப்போட நடந்து வந்துட்டேன். இன்னொண்ணு எங்க வுழுந்துச்சோ, தெரியல. தெருவே சிரிச்சிது."

அப்படியானால் குழிக்குள் எந்தக் கட்டை மேல் கால் இருக்கிறதென்றும் தெரிந்திருக்காது. ஆறு மாதமாக இந்த மனுஷனைக் கவனமில்லாதவன் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாராம்.

அன்றைக்கே வேலூர் போனோம். இந்தத் தடவை நானே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பையும் சொன்னேன், கட்டையையும் சொன்னேன். டாக்டர் குண்டூசியால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டீங்களா, தொட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளை, காலை எடுக்கிற அளவுக்குப் போகவில்லை. புண் ஆறும் வரை நடக்கவே கூடாது, அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றார்.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. திரும்ப ஏறிய அன்று ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவி, நானே மாட்டிவிட்டேன். அவர் வழக்கம்போலக் குனிந்தார். நான் மிஷின் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன்.

"நிமிந்து டிவிய பாருங்க. காலை நான் பாத்துகினு இருக்கேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு நிமிர்ந்தார். ஏதோ பழைய படம் ஓடியது. பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் பார்த்தார். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். நான் அந்த இரண்டு ஷூவிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

அரை மணி முடிந்து பட்டை மெதுவாகி நின்றது. காலும் நின்றுவிட்டது. அவர் கம்பியை விடாமல், டிவியைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சிங்க" என்று சொல்லி, எழுந்து அவர் கையைப் பிடித்தேன்.