பூட்டியவளுக்கே திறக்காத பதில்

அந்த வீட்டில் அண்ணன், அண்ணி, தங்கை என மூன்று பேர், மூன்று கைப்பேசிகள், ஒரே பூட்டு. திரையில் விரலால் 'ப' வரைந்தால் மூன்றில் எதுவும் திறக்கும். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மூன்றும் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். டீயுடன் முதலில் வந்து உட்காருகிறவர் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் படிப்பார். தங்கைக்கு வந்த செய்திக்கு அண்ணி பதில் போடுவதும், அண்ணிக்கு வந்த படத்தைப் பார்த்து அண்ணன் சிரிப்பதும் அங்கே சாதாரணம். மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் மாமாவுக்குக்கூட அந்த 'ப' தெரியும்.

"நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஒளிவு மறைவு இல்லாத வீட்டில் ஒருத்தி மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று யாரும் யோசித்ததில்லை.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். இப்போது ஓட்டவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரந்தோறும் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்து, தன் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பழையபடி எழுந்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணியின் ரத்த வகை சேரவில்லை. தங்கையின் ரத்த வகை சேர்ந்தது.

தங்கைக்கு வீட்டில் பெயர் சின்னவள். காதோரம் நரை எட்டிப்பார்த்த பிறகும் அவள் சின்னவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவளிடம், உன் உடம்பிலிருந்து ஒன்றை எடுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று மாமா பழமொழியை எடுத்துவிட்டுப் போனார். எப்போது அறுவை சிகிச்சை, யார் கூட இருப்பது என்று அண்ணி பேச ஆரம்பித்துவிட்டார்.

சின்னவளுக்கு அண்ணன்மேல் உயிர். பள்ளிக்கூட நாட்களில் எஞ்சின் பக்கத்து இருக்கையில் அவளை உட்காரவைத்து ஊரெல்லாம் காட்டியவர் அவர்தான். ஆனால் கத்தி என்றால் அவளுக்குப் பயம். சிறுவயதில் வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்து, பாதியில் விழிப்பு வந்து, வாய் திறக்க முடியாமல் கிடந்த ஞாபகம் இன்னும் போகவில்லை. கொடுக்கவும் மனசு வந்தது, மறுக்கவும் மனசு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு தனியாக யோசிக்க அந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. மருத்துவமனைக்குப் போனாலும் இருபக்கமும் யாராவது வந்தார்கள்.

இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர் மருத்துவமனை ஆலோசகர். சின்னவளைவிட வயதில் இளையவர். எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி அவளை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். மற்ற கையெழுத்துகள் எல்லாம் பிறகு, முதலில் உங்கள் மனசுதான் எங்களுக்கு வேண்டும் என்றார். தங்கை மறுத்தாலும் சரி, உடம்பு ஒத்துவராவிட்டாலும் சரி, வீட்டாருக்கு 'பொருந்தவில்லை' என்ற ஒரே வார்த்தைதான் போகும். அந்த விதியை முதல் நாளே குடும்பம் முழுவதற்கும் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு யோசிக்க நாள் வேணும். அப்புறம் தபால்லயோ போன்லயோ சொன்னா வீட்டுல படிச்சிடுவாங்களே" என்றாள் சின்னவள்.

"படிக்கட்டும் அக்கா" என்று சிரித்துக்கொண்டே ஆலோசகர் கணினியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தார். பெயர் கேட்காத, பதிவு கேட்காத, காசும் கேட்காத பக்கம். "இதுல உங்களுக்கு ரெண்டு சாவி உண்டாகும். ஒண்ணை ஊருக்கே கொடுக்கலாம். அதை வெச்சு உங்களுக்கு வர்றதைப் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. திறக்கிற சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். அதை யாருக்கும் தராதீங்க, எனக்கும்தான்."

இணையத்தில் எழுதினால் அந்தப் பக்கத்துக்காரன் படிக்கமாட்டானா என்று சின்னவள் கேட்டாள். ஆலோசகர் எழுந்தார். கணினிக்குப் பின்னால் கையைவிட்டு இணைய வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். பிறகு ஒரு வரி எழுதிப் பூட்டினார். பூட்டியது. திறந்தார். திறந்தது. எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே நடக்கிறது, ஓர் எழுத்துக்கூட வாசலைத் தாண்டவில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது.

அடுத்தது கையொப்பம். ஆலோசகர் ஒரு வரி எழுதி, யாருக்கும் தராத தன் திறக்கிற சாவியால் ஒப்பமிட்டார். வரிக்குக் கீழே புரியாத எழுத்துக் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. எழுதியது அவர்தானா, எழுதியபடியே இருக்கிறதா என்று சோதித்தால் பச்சை. வரியின் கடைசியில் இருந்த புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுச் சோதித்தார். சிவப்பு. சின்னவள் தானே புள்ளியைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். பச்சை. எடுத்தாள். சிவப்பு. மயிரிழைக் கணக்கில் வேலை செய்கிறவள், தன்னைவிடக் கறாரான ஒன்றை முதன்முதலாகப் பார்த்தாள்.

சின்னவள் தன் சாவிகளை உண்டாக்கி, பூட்டுகிற சாவியை ஆலோசகரிடம் கொடுத்து, அவருடைய பூட்டுகிற சாவியை வாங்கி, திறக்கிற சாவியைக் கடவுச்சொல் போட்டு ஒரு பென்டிரைவில் ஏற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் கடைக் கணினியிலிருந்து, பழகுவதற்காக, பூட்டாமல் ஒப்பம் மட்டும் போட்டு ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் கடிதம் அனுப்பினாள்: 'அடுத்தகட்டப் பரிசோதனைக்கு எனக்குச் சம்மதம்.' பரிசோதனையும் முடிந்தது. பெரிய பதிலை மட்டும் அனுப்பாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணியால் பொறுக்க முடியவில்லை. புருஷனின் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. காலையில் சின்னவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பேசியை எடுத்து 'ப' போட்டார். அந்தப் பழைய கடிதம் கண்ணில் பட்டது. அதை அப்படியே நகலெடுத்து, 'அடுத்தகட்டப் பரிசோதனைக்கு' என்பதை 'அறுவை சிகிச்சைக்கு' என்று மாற்றினார். கீழே இருந்த எழுத்துக் கூட்டத்தைத் தொடவில்லை. பத்திரத்தின் அடியில் முத்திரை இருந்தால் போதும், மேலே எழுதியிருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். அனுப்பிவிட்டு, அனுப்பிய அடையாளத்தையும் அழித்தார். அவரைத் திட்டத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். கட்டியவர் கண்ணெதிரே கரைந்துபோகிறார். பயம் பிடித்தவர்களுக்கு அடுத்தவர் வாய் தன் வாய் போலத்தான் தெரியும்.

அந்தக் கடிதத்தை மருத்துவமனை நம்பியிருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள். ஊரறிய நாள் குறித்தபின் சின்னவளால் 'வேண்டாம்' என்று வாய் திறந்திருக்க முடியாது. பாதியில் விழித்துக்கொண்டு பேச முடியாமல் கிடந்த அதே நிலைதான்.

ஆலோசகர் கடிதத்தைச் சோதித்தார். சிவப்பு. 'கையொப்பம் செல்லாது.' அவள் முகவரியிலிருந்து வந்த கடிதம், அவள் எழுதுகிற மாதிரியே எழுதிய கடிதம், அவள் கைப்பேசியிலிருந்தே வந்தது. எல்லாம் சரி, அவள் மட்டும் அதில் இல்லை. அவர் உடனே பதில் எழுதி, சின்னவளின் சாவியால் பூட்டி அனுப்பினார்.

மாலையில் அந்தப் பதிலை முதலில் பார்த்ததும் அண்ணிதான். திரை முழுக்கத் தலையும் வாலும் இல்லாத எழுத்துகள். கைப்பேசி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவரால் படிக்க முடியாமல் போன முதல் கடிதம் அது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

மறுநாள் சின்னவள் கடைக் கணினியில் அதைத் திறந்தாள். உங்கள் பெயரில் திருத்திய கடிதம் ஒன்று வந்தது, நாங்கள் ஏற்கவில்லை, உங்கள் பதிலுக்கு அவசரமில்லை என்று இருந்தது. கோபம் வருமுன் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன் வீடே தன்னை விற்றுவிட்டது, அந்தப் பூட்டுக்குள் இருக்கும் முகம் தெரியாத ஒரு கணக்கு தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று தோன்றியது.

விடுமுறை நாள் மதியம். கடையின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தன் பெயரில் போன கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். யார் என்று கேட்கவில்லை. அண்ணி முந்திக்கொண்டு, நான்தான் என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் நிமிர்ந்தார். மனைவியைத் திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் 'ப' வரைய எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது யார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

சின்னவள் செய்து காட்டினாள். அண்ணன் தானே ஓர் எழுத்தை மாற்றினார், சிவப்பு வந்தது. திரும்ப வைத்தார், பச்சை வந்தது. குழந்தை போல மறுபடி மறுபடி செய்தார். அண்ணியும் எட்டிப் பார்த்தார். பிறகு சின்னவள் இணையத்தை அணைத்துவிட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். ஒப்பமிட்டு, ஆலோசகரின் சாவியால் பூட்டி, எழுதிய வரியை அழித்துவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"இதுல என் பதில் இருக்கு அண்ணா."

திரையில் எழுத்துகள் மட்டும் நிரை நிரையாக நின்றன. தன் ஆயுள் அதற்குள் இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிதான் பட்டது.

"திரும்பத் திறந்து மாத்த முடியாதா?" என்றார் மெதுவாக.

"பூட்டின என்னாலயே இனிமே திறக்க முடியாது. ஆலோசகர் ஒருத்தராலதான் முடியும்."

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மலையடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்ப்பது போல இருந்தது. உலகத்தில் எந்த அதிகாரியும், எந்தத் திருடனும், எந்த அண்ணனும் கை வைக்க முடியாத ஓர் இடம், கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒருத்திக்குச் சொந்தமாக, அந்தப் பழைய மேசைமேல் இருந்தது.

"அனுப்பும்மா" என்றார் அண்ணன். "என்ன எழுதினேன்னு நான் கேக்க மாட்டேன். நான் இருக்கிற வரைக்கும் கேக்க மாட்டேன்."

இணையத்தைப் போட்டு அனுப்பினாள். அன்று மாலையே மூன்று கைப்பேசிகளிலும் மூன்று வெவ்வேறு பூட்டுகள் வந்தன. மாற்றச் சொன்னது அண்ணன்.

சில நாள் கழித்து அவருக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. தங்கையின் சிறுநீரகம் பொருந்தவில்லை, காத்திருப்போர் வரிசையில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறோம் என்று இருந்தது.

உடம்பு ஒத்துவரவில்லையா, அவள் மறுத்தாளா? கதை சொல்கிறவனுக்கு எல்லார் மனசும் தெரியும் என்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அது ஆலோசகருக்கென்று பூட்டிய பதில். எனக்கும் வந்ததல்ல, உங்களுக்கும் வந்ததல்ல.

அண்ணன் செய்தியைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். முகம் வாடியதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் தங்கையிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றாள். போனாள். அடுத்த முறையும் போனாள். நாற்காலியில் சாய்ந்தபடியே அவரும் தனக்கென்று சாவிகள் உண்டாக்கக் கற்றுக்கொண்டார். தங்கைக்குப் பூட்டிய கடிதம் ஒன்று அனுப்பினார். அதில் என்ன இருந்தது என்று அண்ணி கேட்கவில்லை.

அந்த மாதம் மாமா வந்தார். டீ வருமுன் பழக்க தோஷத்தில் மேசையிலிருந்த சின்னவளின் கைப்பேசியை எடுத்து 'ப' போட்டார். திறக்கவில்லை. இன்னொரு தடவை போட்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அண்ணியிடம் குரலைத் தாழ்த்தினார். நிஜமாகவே பொருந்தவில்லையா, அவளுக்கு மனசு வரவில்லையா, ஏன் இந்தப் புதுப் பூட்டு என்று துருவினார்.

அண்ணி அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, திரையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சுக்கவும் போறதில்ல. நான் ஒரு தடவை அவ வாயால பேசிப் பார்த்தேன், அவ கையொப்பம் என்னைக் காட்டிக்கொடுத்துடுச்சு. 'முடியாது'ன்னு சொல்ல வழி இருந்தாத்தான் ஒருத்தி சொல்ற 'சரி' அவளோட 'சரி'. பூட்டி வெச்சிருந்தா தப்பு பண்றான்னு அர்த்தம் இல்ல மாமா. அவளுக்குன்னு ஒரு மனசு இருக்குன்னு அர்த்தம்."