நேர்கோட்டில் நடக்காத மாடு

புல்வெளியில் செடி எண்ணுவது என் வேலை. ஒரு மீட்டர் சதுர இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, முட்டி போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். மொத்தம் ஒன்பது இடம், ஏழு வருடம். "எல்லாரும் புல்லை மிதிக்கிறாங்க, நீ மட்டும்தான் அட்டெண்டன்ஸ் எடுக்கிற" என்பார் என் வீட்டுக்காரர்.

ஆரம்பத்தில் ஒரு சட்டத்துக்குள் நாற்பது வகைச் செடி இருந்தது. பிறகு, யாரோ தீவனத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த உயரப் புல் சாலையோரத்திலிருந்து உள்ளே வந்தது. ஆபீசில் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தோம். வந்தது, போகவே இல்லை. இடுப்புயரம் வளர்ந்து வெயிலை மறைக்கும். காய்ந்தால் மெத்தை போலத் தரையை மூடும். மற்ற விதைகள் மண்ணையே தொட முடியாது. நாற்பது பதினொன்றானது. நீலப்பூச் செடி ஒன்பதாவது சதுரத்தில் மட்டும் ஒன்றே ஒன்று மிச்சம்.

எதனால் பரவுகிறது என்று அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. மாடு என்று எழுதினேன். அங்கே முப்பது மாடு மேய்த்தவர் நேரில் வந்து நின்றார்.

"மாடு வளைஞ்சு வளைஞ்சுதான்மா போகும். அந்தப் புல்லு உங்க சட்டத்துக்கிட்டதான் முதல்ல முளைக்குது. போய்ப் பாருங்க."

"அண்ணே, எனக்கே பாடம் எடுக்காதீங்க" என்றேன். படித்த திமிர், வேறென்ன?

என் அறிக்கையைப் பார்த்து ஆபீசில் வேலி போட்டார்கள். அவர் மாடுகளை விற்றார். பாவம் பார்த்து ஆபீஸ் அவரையே வாட்ச்மேனாக வைத்துக்கொண்டது. தினமும் எனக்குக் கேட் திறந்துவிடுகிறார். மேய மாடு இல்லாததால் விருந்தாளியோ கொழுகொழுவென்று வளர்ந்தது.

நேற்று, புல்வெளியை வானிலிருந்து எடுத்த பெரிய படம் வந்தது. சுவரில் ஒட்டும்போது ஒரு முனையை வாட்ச்மேன் பிடித்திருந்தார். கோடையில் அந்தப் புல் மட்டும் மஞ்சளாகக் காயும். படத்தில் மஞ்சள் கோடு சாலையில் தொடங்கி முதல் சதுரத்துக்குப் போனது, அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்பதுவரை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. நான் நடக்கும் வழி. ஏழு வருடமாகச் சாக்ஸில் விதையைச் சுமந்து வந்ததும், சட்டத்தருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அங்கேயே போட்டதும் நான்தான்.

"இதென்ன கோடு?" என்றார் டைரக்டர்.

"பழைய மாட்டுத் தடம் சார்."

வாய் முந்திக்கொண்டது. டைரக்டர் தலையாட்டினார். வாட்ச்மேன் டேப் ஒட்டி முடியும்வரை முனையைப் பிடித்திருந்துவிட்டு வெளியே போனார்.

சாயங்காலம் கேட் அருகே நின்றேன். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, தப்பு என்னுதுதான். நாளைக்கே மாத்தி எழுதிக் குடுத்துடறேன். மாட்டைத் திரும்ப உள்ள விடச் சொல்றேன். அது மேய்ஞ்சாத்தான் இந்தப் புல்லு அடங்கும்."

"எந்த மாட்டைம்மா?"

அவர் ரிஜிஸ்டரை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திரும்ப வாங்கும்போது என் காலைப் பார்த்தார்.

"சாக்ஸை இங்கேயே கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. எரிச்சிடறேன்."