வாத்துப் படம் போட்ட கப்பு

எழுபத்தெட்டாம் வருசத்து ஐப்பசி மழையில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தின் மீது மண் சரிந்தபோது வீரையா அங்கே இல்லை. ஏலக்காய் லோடோடு போடிக்கு இறங்கியிருந்தான். ரோட்டில் மரம் விழுந்து ஜீப்புகள் நின்றுவிட, நடந்தே மலையேறினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவன் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மனைவி மருதாயியையும் ஐந்து வயது மகள் பொன்னுமணியையும் மண்ணிலிருந்து எடுத்துச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள்.

அடக்கம் அங்கேயே முடிந்தது. மலையடிவாரத்துச் சிலமலை ஊரிலிருந்து போன அக்கா சுப்புத்தாய்தான் தம்பியைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். துண்டில் சுற்றிய ஒரு பீங்கான் கப்பைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை. மஞ்சள் வாத்துப் படம் போட்ட கப்பு. பிடி உடைந்து போயிருந்தது. விளிம்பிலிருந்து அடிவரைக்கும் ஒரு கீறல். மகளுக்காகப் போடிச் சந்தையில் அவன் வாங்கியது அது. அதில் ஊற்றிக் கொடுத்தால்தான் பொன்னுமணி பாலில்லாத கட்டன்சாயா குடிக்கும்.

அக்கா வீட்டில் தினமும் காலையில், தனக்குக் கொடுத்த டீயில் பாதியை அந்தக் கப்பில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீறல் வழியே டீ கசிந்து தரையில் ஓடும். எறும்பு மொய்க்கும். முதலில் சுப்புத்தாய் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்து துடைத்தாள். போகப்போக அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அவள் புருசன் கோட்டைச்சாமி மார்கழி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

“மாப்ளே, கடலை பிடுங்க ஆளு பத்தல. வர்றியா?”

“பிள்ளை இன்னும் குடிக்கல மச்சான்” என்றான் வீரையா.

கோட்டைச்சாமி வெளியே வந்து மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அந்தக் கப்பத் தூக்கிக் கெணத்துல போட்டுரு. இல்லாட்டி இவனுக்குப் புத்தி பெரண்டுரும்.”

கிணற்றில் போட அவளுக்கு மனம் வரவில்லை. செத்த பிள்ளையின் சாமான் அது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டாள். அதில் ஒரு செடியை வைத்துவிட்டால் டீ ஊற்ற முடியாது. கப்பும் கண் முன்னால் இருக்கும். தம்பி கண்மாய்க்குக் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்து, தேங்காய் நாரில் சாம்பல் தொட்டு விளக்கினாள். உள்ளே வளையமாகப் படிந்திருந்த பழுப்புக் கறை லேசில் போகவில்லை. வெள்ளை தெரியும்வரை தேய்த்தாள். அடியில் ஓட்டுச்சில்லு போட்டு, மண் நிரப்பி, வேலியோரத்து ரணகள்ளியில் ஒரு கொப்பை ஒடித்து நட்டாள். தடித்த இலைகளோடு அது நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும், தம்பியே சந்தோசப்படுவான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஈரத்துண்டோடு வந்த வீரையா கப்பைக் கையில் எடுத்தான். விளிம்பை விரலால் தடவினான்.

“உள்ள கழுவுனியாக்கா?”

“ஆமப்பா. சாம்பல் போட்டு நல்லா வெளக்கித்தேன் வச்சேன்.”

“உள்ள அது குடிச்ச கறை இருந்துச்சு.”

நீயும்தானே தினமும் அதில் ஊற்றினாய் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

“துணிமணியெல்லாம் மண்ணோட போயிருச்சு. அது வாயிபட்டது இந்தக் கறை ஒண்ணுதேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “மண்ணுக்குள்ள இருந்துதேன் இத எடுத்தேன். மறுபடி மண்ணையே போட்டு அடச்சிட்டியே.”

அவள் பதறிப்போய்ச் செடியைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

“விடுக்கா. கொட்டாத.”

மறுநாள் டீயை முழுசாகக் குடித்துவிட்டு மச்சானோடு கடலைக் காட்டுக்குப் போனான். “பாத்தியா, தெளிஞ்சிட்டான்” என்றார் கோட்டைச்சாமி. சுப்புத்தாய்க்கு அப்படித் தெரியவில்லை. சொன்ன சோலியைச் செய்தான், போட்டதைத் தின்றான், யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாசி பிறந்ததும் வேறொரு ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்து மலையேறக் கிளம்பினான். அவள் கப்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அது ஒன்னோட செடிக்கா” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பிறகு பொங்கலுக்குப் பொங்கல் வந்து போனான். ரணகள்ளி தழைத்தது. வேர் நெருக்கியதில் கீறல் அகன்று கப்பு பிளந்தபோது, சுப்புத்தாய் கம்பி சுற்றிக் கட்டிக் கொல்லையில் வைத்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

ஐந்தாறு வருசம் கழித்து ஒரு பொங்கலன்று, சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள். “இன்னும் எம்மேல கோவமாப்பா?”

“கோவமெல்லாம் இல்லக்கா.” கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “பிள்ளையோட மொகம் மறந்துபோச்சு. கப்பப் பாத்தா வரும்னு நெனச்சுத்தேன் இன்னிக்கிக் கொல்லைக்குப் போனேன். செடிதேன் தெரியுது.”

சுப்புத்தாய் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

“வெரசாப் போனாத்தேன் மெட்டுக்கு ஜீப்பு கெடைக்கும். வர்றேன்க்கா.”