மொட்டைத் தலைக்கு வெள்ளைத் தொப்பி

பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுகிற என் அவசர புத்திக்கு அந்த வருஷம், அறுபத்திரண்டில், நல்ல பாடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் நடு ரோட்டில் குப்புற விழுந்தேன். வலது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, முக்கோணத் துணி ஒன்றைக் கழுத்தில் முடிந்து, கையை அதில் தொங்கவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற நர்ஸுக்கே கட்டு என்று எங்கள் வார்டு நோயாளிகளுக்கு அவ்வளவு சந்தோஷம்! நன்றி கெட்ட ஜனங்கள்.

மறுவாரமே அமிர்தத்தின் பட்டமளிப்பு. தொட்டியத்துப் பெண் அவள். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் என்னோடு இரண்டு வருஷம் உதவியாளாக இருந்தவள். என் நச்சரிப்புத் தாங்காமல்தான் திருச்சியில் கன்யாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கை இருந்தால் என்ன, ஒடிந்தால் என்ன, நான் போகாமல் இருப்பேனா? பஸ்ஸில் காவிரிப் பாலம் முழுக்க ஒரு குடியானவரின் முழங்கை என் மாவுக்கட்டில் இடித்துக்கொண்டே வந்தது. அவரை நான் கேட்ட கேள்வியில் மனுஷர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

ஹாலில் முதல் வரிசையில் அமிர்தத்தின் அம்மா ரெங்கம்மாள், மடியில் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். புருஷன் இல்லாதவர். பெண்ணை நர்ஸுக்குப் படிக்க வைத்ததற்காகச் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

"வாங்க நர்சம்மா! கைக்கு என்னாச்சு? சரி, அது கெடக்கட்டும். உள்ள உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கா, போங்க."

உடை மாற்றும் அறையில் அமிர்தம் ஒரு மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு. முக்காட்டை விலக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பளபளவென்று மொட்டை!

"அடிப்பாவி! என்னடி இது கோலம்?"

"பரீட்சைக்கு முன்னாடி டைபாய்டுல கெடந்தேன்லக்கா? பொழச்சு எழுந்து பாஸாயிட்டா முடி எடுக்கிறேன்னு அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டாங்க. லீவுல போனப்ப போன வாரம் எடுத்தாச்சு."

"நர்ஸ் தொப்பியை எதுலடி குத்துவ?"

"மாரியாத்தா காரியத்துல தொப்பிய யாருக்கா நெனச்சா? காலைல வந்து தலையில வச்சப்பத்தான் தெரிஞ்சுது." விசும்பினாள். "தொப்பி இல்லாம மேடை ஏற விடமாட்டாங்க. தன்னோட வேண்டுதலாலதான் போச்சுன்னு தெரிஞ்சா எங்கம்மா தாங்காது."

அந்தத் தொப்பி கஞ்சி போட்ட சின்னத் துணி. கொண்டையில் ஊசி குத்தித்தான் நிற்கும். கொண்டை எங்கே, உண்டியலுக்குப் போய்விட்டது. நான் யோசிக்கவேயில்லை. என் கையைத் தாங்கிய கழுத்துத் தூளியை அவிழ்த்து அவள் தலையைச் சுற்றி, இடது கையாலும் பல்லாலும் ஒரு முடிச்சுப் போட்டேன். அதில் தொப்பியைக் குத்தினாள். இரண்டடி நடந்தாள். துணியும் தொப்பியும் சேர்ந்து மூக்கு மேல் இறங்கின. மறுபடி கட்டினோம். மறுபடி இறங்கின. தொங்கின என் கை வலித்த வலியில் மாதாவைக் கூப்பிட்டேன்.

வந்தது மதர் ரோசரி. பயிற்சிப் பள்ளியின் தலைவி. மல்லிகைப்பூ வைத்த குற்றத்துக்காக முந்தின வருஷம் ஒரு பெண்ணை மேடைப் படியிலிருந்தே திருப்பி அனுப்பியவர்.

"என்ன நடக்குது இங்க?"

அமிர்தம் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நான்தான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சமயபுரம் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் முழுங்கிச் சொன்னேன். மதர் அந்த மொட்டையை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மதர் தன் முக்காட்டின் விளிம்பை விரலால் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒட்ட வெட்டிய நரைமுடி.

"முப்பது வருஷமா இந்தத் தலையில தினம் காலைல துணி நிக்குதே, எப்படி நிக்குது? இப்படி வா."

என் தூளியை நீளமாகக் கிழித்தார். ஒரு பட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நெற்றியை ஒட்டிச் சுற்றி, பிடரிக் குழியில் இறுக்கி முடிந்தார். அதன்மேல் காய்ந்த துணி. அதில் நாலு பக்கமும் ஊக்கு. அதற்குமேல் தொப்பி. "தலையை ஆட்டு," என்றார். அமிர்தம் சாமி வந்தவள் மாதிரி ஆட்டினாள். தொப்பி அசையவில்லை.

விளக்கை ஏந்திக்கொண்டு அமிர்தம் மேடையில் நடந்தபோது நான் ஒரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டினேன். ரெங்கம்மாள் கைதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

விழா முடிந்ததும் அமிர்தம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரெங்கம்மாள் நேராக மதரிடம் போய்ப் பழச் சீப்பைக் கையில் கொடுத்தார். அவர் முக்காட்டை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்களும் முடி குடுத்தவங்களாமே. எந்தக் கோயில்லங்க?"

மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோயில்ல இல்லம்மா, மடத்துல. இருபது வயசுல, கன்யாஸ்திரீ ஆனப்ப."

"உங்கம்மா பக்கத்துல இருந்தாங்களா?"

மதரின் சிரிப்பு நின்றது. "வரலம்மா. கோவிச்சுக்கிட்டு வரல. அப்புறமும் வரல."

"அடி என் தாயே!" ரெங்கம்மாள் இரண்டு கையாலும் மதரின் முகத்தை வழித்து, தன் நெற்றியின் இரு பக்கமும் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தார். "இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்க, திருஷ்டி கழிக்கக்கூட ஒருத்தரும் இல்லாம போச்சே உனக்கு!"

ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. மதர் ரோசரி பழச் சீப்பை மார்போடு அணைத்தபடி, இன்னொரு தரம் வழிக்க வசதியாகக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.