வெள்ளை உடுத்தியவள்

…சீமைச்சுண்ணாம்புதான், வேறு மாயமந்திரம் ஒன்றும் இல்லை, பொடித்து உடுப்பின் மேல் தேய்த்துத் தேய்த்துக் கண் கூசுகிற மாதிரி ஆக்கிக்கொண்டு, பதவி வேண்டும் என்கிறவன் ரோமாபுரிச் சந்தைக்கு இறங்கி வந்து, வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கியிருக்கிறான், அந்தப் பளிச்சென்ற வெள்ளைக்கு லத்தீனில் கேண்டிடஸ், அதை உடுத்தியவன் கேண்டிடாட்டஸ், வெள்ளை உடுத்தியவன், அவ்வளவுதான் அந்த வார்த்தை, அதில் படிப்பு இல்லை, தகுதி இல்லை, சட்டை மட்டும்தான் இருக்கிறது... அதுதான் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஊர் ஊராகச் சுற்றி, இதோ எதிர்க் கதவில் பசை போட்டு ஒட்டிய தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது, கேண்டிடேட்டுகள் இங்கே காத்திருக்கவும். காத்திருக்கிறோம். இந்த நீள பெஞ்சில், கல்லூரியின் முதல் மாடி நடையில், ஆங்கிலத் துறையின் ஒரே ஒரு நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு, முதுகு வளையாமல், மடியில் சான்றிதழ்ப் பையோடு. உள்ளே கூப்பிட்டதும் ஏதாவது ஓர் ஆங்கில வார்த்தையின் பழைய அர்த்தங்களை எடுத்துக்கொண்டு, வகுப்பு நடத்திக் காட்ட வேண்டுமாம். நான் இந்த வார்த்தையை எடுத்தேன். கதவில் ஒட்டி எங்களை எந்தப் பேரில் நிற்க வைத்திருக்கிறார்களோ அதையே எடுத்து அவர்கள் முன்னால் விரிக்கலாம் என்று ஒரு கொழுப்பு, திமிர், அம்மா சொல்வாளே, உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்டி என்று, அந்த வாய். நேற்று வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. இப்போதுதான் கழிவறைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன்.

பின்கழுத்தில் ஏதோ உறுத்துகிறதே என்று காலரைப் புரட்டினேன், மூன்று புள்ளி. குறி போடுகிற மையில், வரிசையாக, அம்மாவின் கையால் போட்ட மூன்று புள்ளி. துணி மெல்லிசு, புரட்டாமலே வெளியிலிருந்தும் லேசாகத் தெரிகிறது. எங்கள் சலவைக் கடையில் யாருக்கும் பேர் கிடையாது, குறிதான், ஒரு கோடு வீடு, பிறை வீடு, கொக்கி வீடு, கொக்கி வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணமாம், பிறை வீட்டுக்காரர் போயிட்டாராம், இப்படித்தான் எங்கள் வீட்டில் ஊர் நியாயம் பேசப்படும், அப்பா இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே, பாவம் நல்ல மனுஷன், காலர்ல அழுக்கே இருக்காது, என்பார். மூன்று புள்ளி வீடு பெரிய வீடு. அந்த வீட்டு அம்மா போடுவதெல்லாம் வெள்ளை. மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் போயிருக்கிறேன், பின்வாசல் வழியாக, வேலைக்காரம்மா எண்ணி வாங்குவாள், உள்ளே புத்தக அலமாரிக்கு முன்னால் அந்த அம்மா நின்று போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், இங்கிலீஷ், என்ன அழகான இங்கிலீஷ், நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தானோ என்னவோ, அந்த அம்மா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்து, யார் அது, கதவைச் சாத்து, பூனை வந்துடும், என்றது. பூனை வரவில்லை. நான்தான் வந்திருந்தேன்.

காலையில் அம்மா சட்டையை நீட்டியபோது யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கஞ்சி போட்டு, சொட்டு நீலம் அளவாகப் போட்டு, அப்பா மடிப்பு கலையாமல் தேய்த்து, போட்டுக்கோ கண்ணு, பெரிய எடத்துக்குப் போற, உன் பச்சைச் சட்டை அக்குள்ல வெளுத்துப் போச்சு, என்றாள், தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, கடையில் வாங்கினியா என்று வாய் வரைக்கும் வந்தது, கையைப் பார்த்தேன், ப்ளீச்சிங் தண்ணீரில் தோல் உரிந்து உரிந்து சிவந்த அந்தக் கையை, இருமிக்கொண்டே நீட்டிய கையை, கேட்கவில்லை. இந்தத் தண்ணியை விட்டுடணும், இல்லேன்னா நுரையீரல் உங்களை விட்டுடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, அம்மா அதற்கும் சிரித்தாள், ரெண்டுல எது சம்பளம் தருது டாக்டர் என்று. நான் இந்த வேலையில் உட்கார்ந்தால் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடலாம். உட்காராவிட்டால்? உட்காராவிட்டால் என்ன, இன்னொரு கதவில் இன்னொரு தாள். அம்மாவுக்குத்தான் இன்னொரு நுரையீரல் கிடையாது.

அடுத்தவர் துணியைப் போட மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள் நான். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பாட்டுப் பாட, கொக்கி வீட்டுப் பெண்ணின் ரோஜா நிற கவுனை அம்மா எனக்குப் போட்டு அனுப்பினாள், ஒரு மணி நேரம் போட்டா தேஞ்சா போயிடும், தொவைச்சுத்தானே குடுக்கப்போறோம், என்று. அந்தப் பெண் முதல் வரிசையில் இருந்தாள். பாட்டு முடியவில்லை, ஏய், அது என்னோடது, கழட்டு, என்று எழுந்து நின்று கத்தினாள், எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரும். அன்றைக்கு வீட்டில் நான் போட்ட கூச்சலுக்கு நடுவே அம்மா கவுனை வாங்கி அலசினாள், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு தண்ணி அலசினாள். பிறகு நூலகத்தில் இந்த வார்த்தையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளையை யார் வெளுத்தார்கள் என்று பார்த்தேன், அது அகராதியில் இல்லை, அகராதிக்கு உடுத்தியவன் போதும், வேறு புத்தகத்தில் இருந்தது. தெருமுனையில் சட்டி வைத்து ஊரார் மூத்திரத்தைப் பிடித்து, தொட்டியில் ஊற்றி, அதில் இறங்கி நின்று காலால் மிதித்திருக்கிறார்கள், கந்தகப் புகை பிடித்திருக்கிறார்கள், அவர்களும் இருமியிருப்பார்கள். அப்புறம் ஒரு சட்டம். வெளுக்க வாங்கிய துணியை வெளுக்கிறவன் தானே உடுத்தினால் அது திருட்டு. படித்துவிட்டு நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார். சட்டம் போட்டிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம், நடந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயும் ஒருத்தி தன் பெண்ணுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள், ஒரு மணி நேரம் போட்டா தேஞ்சா போயிடும் என்று லத்தீனில் சொல்லியிருக்கிறாள்...

பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையால் மூக்கு நுனியை ஒற்றிக்கொண்டே இருக்கிறாள். நீங்க என்ன வேர்ட் எடுத்திருக்கீங்க, என்றாள். சொன்னேன். ஐயோ, நல்லா இருக்கே, நான் நைஸ், எல்லாரும் நைஸ்தான் எடுப்பாங்கன்னு இப்பதான் தோணுது. நைஸுக்கு முதலில் அர்த்தம் ஒன்றும் தெரியாத மடையன். பாவம், நல்ல பெண். கதவோரத்தில் நாற்காலி போட்டிருந்த பியூன் அண்ணன் கொட்டாவி விட்டார். ரெண்டு பேரும் எதுக்கு மண்டையை ஒடைச்சுக்கிறீங்க தங்கச்சி, பந்தியில எலை போட்டாச்சு, பேரும் எழுதியாச்சு, நாமெல்லாம் கை கழுவத்தான் வந்திருக்கோம். யாருண்ணே, என்றாள் கைக்குட்டை. அதை நான் சொன்னா என் நாற்காலியும் போயிடும்மா, என்று சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறாரா, இப்படி எல்லா இன்டர்வியூவிலும் சொல்வாரா... அப்போது மாடிப்படி ஏறி ஒரு வெள்ளை வந்தது. கஞ்சி மொடமொடப்பு தூரத்திலேயே தெரிந்தது, அப்பாவின் மடிப்பு, அதை எங்கேயும் கண்டுபிடிப்பேன், தோளில் பை, கையில் கோப்பு, பியூன் அண்ணன் துள்ளி எழுந்தார், குட் மார்னிங் மேடம். மூன்று புள்ளி. அந்த வீட்டு அம்மா என்னைத் தாண்டி, என் முழங்கால் மேல் துப்பட்டாக் காற்று படுகிற தூரத்தில் தாண்டி, உள்ளே போய்விட்டது. யாருண்ணே இவங்க. அட, தொறைத் தலைவர்மா, இவங்க தலையாட்டினாத்தான் எல்லாம்.

எழுந்து போய்விடலாம். அடுத்த பேருந்தில் ஏறினால் சாப்பாட்டு வேளைக்குள் வீடு. என்னாச்சு என்று அம்மா கேட்பாள், உன் மூணு புள்ளி ஆச்சு என்று கத்தலாம், கத்தினால் இருமுவாள். ஏன் அம்மாவிடம் கத்துகிறேன், எப்போதும் ஏன் அவளிடமே கத்துகிறேன், கத்துவதற்கு உரிமை உள்ள ஒரே ஆள் அவள் என்பதாலா? வேறு வார்த்தை எடுக்கலாமா? நைஸ் எடுக்கலாம். சட்டம், தொட்டி, மூத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெள்ளை என்றால் தூய்மை, மனதில் பட்டதைப் பேசுவதற்குச் சொல்கிற கேண்டிடும் அதே வேர், கேண்டிலும் அதே ஒளி, நன்றி வணக்கம் என்று முடித்துவிட்டு வரலாம், அழகாக இருக்கும், யாருக்கும் வலிக்காது... நெக்ஸ்ட் கேண்டிடேட், என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். பியூன் அண்ணன் கையைக் காட்டினார். போங்க தங்கச்சி, சாமி மாதிரி இருக்கீங்க.

நீள மேஜை, மூன்று பேர். ஒருவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார், ஒருவர் என் சான்றிதழை முகத்துக்கு மேல் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், கள்ள நோட்டு பார்க்கிற மாதிரி. நடுவில் மூன்று புள்ளி அம்மா. உட்காராதீங்க, போர்டுக்குப் போயிடுங்க, நேரம் இல்லை. பலகைக்குப் போனேன். திரும்பி நின்றேன், முதுகு அவர்கள் பக்கம். வேர்த்தது, மின்விசிறி மேஜைக்கு மேல்தான் இருந்தது, முடியை அள்ளி முன்பக்கம் போட்டுக்கொண்டு, சாக்பீஸால் வார்த்தையை எழுதினேன், அதன் கீழே லத்தீனை எழுதினேன், அதன் கீழே கோடு போட்டேன், கோடு கோணிவிட்டது, அழித்து மறுபடி போட்டேன். சுண்ணாம்புத் தூள் மார்பில் கொட்டியது. திரும்பிப் பேச ஆரம்பித்தபோது நான் முடிவு பண்ணியிருந்தது தூய்மையைத்தான், சத்தியமாக, ஆனால் வாய் தொட்டிக்குப் போய்விட்டது, சட்டி, மூத்திரம், கால், புகை, போன்காரர் தலையைத் தூக்கினார், வெளுக்க வாங்கிய துணியை வெளுக்கிறவர் உடுத்தினால் திருட்டு என்று சட்டம் இருந்தது, என்றேன், அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்து. அவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. வெரி இன்ட்ரஸ்டிங், உங்களுக்கு எப்படி இந்த டாபிக்ல ஆர்வம்? எங்க வீட்டுல சலவைத் தொழில் மேடம், என்றேன். ஓ, ரொம்பப் பெருமையா இருக்கு, உங்கள மாதிரிப் பொண்ணுங்கதான் முன்னுக்கு வரணும், என்றார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, எவ்வளவு கஷ்டப்பட்டு வர்றாங்க பாருங்க சார், என்றார்கள், சார் பார்த்தார். அப்புறம், போகலாம் என்பது போல் கோப்பை மூடிக்கொண்டே, வெள்ளை உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா, என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. முடிவைத் தெரியப்படுத்துவோம். நெக்ஸ்ட்.

வெளியே வந்து சுவரோரம் நிற்கிறேன், சாயவில்லை, சாய்ந்தால் சுவர் ஒட்டிக்கொள்ளும். கைக்குட்டை உள்ளே போய்விட்டாள். வேலை இல்லை, அது தெரிகிறது, தெரியப்படுத்துவோம் என்கிறவர்கள் தெரியப்படுத்தியதாகச் சரித்திரமே இல்லை. இதே மாதிரி ஒண்ணு. தன் சட்டை, தன் உடம்புக்குத் தைத்த சட்டை, தையல்காரன் இடது கைப்பக்கம் ஒரு சுருக்கு விட்டிருப்பது எனக்கே கண்ணில் படுகிறதே... தெரியாதா, தெரிந்துதான் சொன்னார்களா? தெரிந்திருந்தால் அது பெருந்தன்மையா, வேறு ஏதாவதா? இல்லை. தெரியவில்லை. அலமாரி நிறைய வெள்ளை இருந்தால் ஒன்று காணாமல் போனது தெரியாது. எங்கள் வீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வாள், இது அவங்களுது, இது இவங்களுது என்று, உடுத்துகிறவளுக்கு அந்தப் பழக்கம் எதற்கு. போன் அடிக்கிறது. அம்மா. என்னடி, முடிஞ்சுதா, நல்லா சொன்னியா? சொன்னேன்மா. கறை கிறை ஒண்ணும் படலையே? படல. யாராச்சும்... யாராச்சும் பாத்தாங்களா? அவள் குரல் இறங்கியது, அவளுக்குத் தெரியும், அந்த அம்மா இங்கேதான் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் காலையிலிருந்து தொட்டியருகே உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், வேலையை அல்ல, இதை. யாரும் பாக்கலம்மா, என்றேன். அப்பாடா, என்றாள், அந்தப் பெருமூச்சு இருமலாக மாறியது, இருமல் நின்றதும், சரி வா, சோறு ஆறிடும், என்று வைத்துவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. எனக்கும் அப்பாடா என்று இருக்க வேண்டும். மேடையில் சிரித்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை, கழட்டு என்று யாரும் சொல்லவில்லை, மரியாதையாகப் பேசினார்கள், எடுப்பாக இருக்கிறதென்றார்கள், பின்னே ஏன் வீட்டுக்குக் கிளம்பாமல் இங்கேயே நிற்கிறேன்... கழுத்தில் கை போகிறது, மூன்று புள்ளிக்குக் கீழே தோல் காய்ந்து கிடக்கிறது, வேர்வையே இல்லை, அந்த அறையில் எனக்கு வேர்த்ததா? வேர்த்துத்தான் முடியைத் தூக்கினேனா? அந்தக் கோடு நேராகத்தானே இருந்தது, ஏன் அழித்தேன், அவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு எதற்காக நின்றேன்…