மாமனாரின் எடை

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய அப்பா என்னிடம் வந்து சேர்ந்தார். கூடவே செயலிழந்த இரண்டு சிறுநீரகங்களும் ஓயாத வாயும். டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது என் வேலை.

அங்கே முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவைக்குப் பிறகு கூடியிருக்கும் எடை முழுக்க உடம்பில் தேங்கிய நீர். அவ்வளவையும் இயந்திரம் எடுத்துவிடும். எடைமேடையில் ஏறியதும் மாமா என் தோளைப் பிடித்து அழுத்திச் சாய்வார். விழாமலிருக்கப் பிடிக்கிறார் என்று நர்ஸ் நினைத்தாள். மகளை நினைத்துத் தளர்கிறார் என்று நான் நினைத்தேன். கல்தூண் மாதிரி நின்றேன். அழத்தான் வரவில்லை, நிற்கவாவது வந்தது.

போன வாரம் அவருடைய இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார்.

"இடது கீழறைச் சுவர் ரொம்பத் தடிச்சிருக்கு. இந்த வயசுல கிட்னி போனா இப்படி ஆகும். நீரும் உப்பும் தேங்கி பிரஷர் ஏறுது, இதயம் முட்டி முட்டித் தள்ளுது. தடிச்ச சுவர் சரியா விரியாது, ரத்தம் நிரம்பாது. இப்படியே போனா தாங்காது."

"தடிப்பா இருந்தா ஸ்ட்ராங்குதானே?" என்றார் மாமா.

"இல்லய்யா, வெறும் விறைப்பு. உங்கள மாதிரி. ஆனா எடை ஒழுங்காத்தானே இருக்கு? அப்புறம் எப்படி இவ்வளவு நீர்?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் என் தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மாமா, சாஞ்சதெல்லாம் எடையைக் குறைச்சுக் காட்டுற தில்லுமுல்லா?"

"நிறைய நீர் எடுத்தா கால் இழுத்துக்குது மாப்பிள்ளை. உயிர் போயிட்டு வருது."

"நான் துக்கம்னு நெனச்சேன்."

"துக்கப்பட எடைமேடை எதுக்கு? அத வீட்டுலயே படுறேன்."

அடுத்த முறை மேடையில் ஏறினார். கை நீண்டது. நான் ஓரடி தள்ளி நின்றேன். கை காற்றைத் துழாவியது. எண் எகிறியது.

"என்னய்யா, குளத்தையே குடிச்சீங்களா?" என்றாள் நர்ஸ்.

மாமா என்னை முறைத்தார். "துரோகி! என் பொண்ணு எதைப் பார்த்து உங்களக் கட்டிக்கிட்டாளோ!"

"கேட்டுச் சொல்ல ஆளில்லையே மாமா."

அன்று இயந்திரம் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது. கடைசியில் மாமாவுக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. என் வம்சத்தையே கிழித்துத் தொங்கவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு ரசித்துக் கேட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுத் தோளைக் கொடுத்தேன்.

"இப்பப் பிடிக்கலாமா?"

"பிடிங்க. இங்க யாரும் எடை பார்க்க மாட்டாங்க."

பிடித்தார். நன்றாக வலித்தது.