மச்சம் எந்தப் பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பால் பொங்கி அடங்கிய கையோடு, ஸ்டூடியோக்காரரின் மனைவிக்கு மூக்கு நான்கு விரற்கடை நீண்டது. முகவாயில் மூன்று மரு முளைத்தது. கோரைப்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வந்து நின்றன. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கண்ணாடி பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி, அவள் கணவர் அப்போதுதான் கணினியில் அவளுடைய படத்தை, சிறுவர் புத்தக அட்டைக்காக, பிள்ளைகளைப் பானையில் போட்டு அவிக்கும் சூனியக்காரியாக மாற்றிச் சேமித்திருந்தார். பன்னிரண்டு வருடத் தொழிலில் நகல் எடுக்காமல் அவர் எந்தப் படத்திலும் கை வைத்ததில்லை. அன்று பதிப்பகத்தார் போனில் பறந்த பறப்பில் மூலப்படத்திலேயே வைத்துவிட்டார்.

"சீக்கிரம் பழையபடி மாத்துங்க. பாப்பா நாலு மணிக்கு வந்துடுவா, என்னைப் பாத்து அலறிடப் போறா," என்றாள், முக்காட்டோடு ஸ்டூடியோவுக்கு ஓடி வந்து திரையில் தன் படத்தைப் பார்த்தவள். அவளுடைய பயமெல்லாம் அது ஒன்றுதான். அவரும் மூக்கைக் குறுக்கினார், பல்லை உள்ளே தள்ளினார், சூனியக்காரிக்காக அழித்திருந்த கன்னத்து மச்சத்துக்கு வந்ததும் திகைத்து நின்றார். எந்தக் கன்னம்? "கண்ணாடியில இடது. உங்களுக்கு எதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் மனைவி. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே கண்ணாடியே ஆளைக் குழப்பியது. மாமியார் வலது என்றார். மச்சான், அக்காவுக்கு மச்சமே கிடையாது என்று சத்தியம் செய்தான். ஆல்பத்தைப் புரட்டினால், கல்யாணப் படம் தொடங்கி எல்லாவற்றிலும் மச்சத்தை அவரே துடைத்து, கண்ணைப் பெரிதாக்கி, கன்னத்தை மெழுகி வைத்திருந்தார். திருத்தாத படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்கு மகள் வந்தபோது அம்மா மிக அழகாக இருந்தாள். பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்ற குழந்தை, "ஆன்ட்டி, எங்கம்மா எங்க?" என்று கேட்டது.

அடுத்த ஏழு மாதத்தில் அவர் இருபத்து மூன்று முகங்களைச் சேமித்தார். காய்கறிக்காரர் மட்டும், "உங்க வீட்ல எத்தன பொண்ணுங்க?" என்று விசாரித்தார். இருபத்து மூன்று முகத்தையும் குழந்தை ஆன்ட்டி என்றே அழைத்தது. கடைசியில் மனைவிக்குச் சலித்துவிட்டது. பதிப்பகத்துக்கு அனுப்பிய படத்தையே திரும்பத் திறந்து சேமிக்கச் சொன்னாள். மூக்கு நீண்டது, மரு முளைத்தது. வீட்டுப்பாடம் எழுதாமல் விளையாடிக்கொண்டிருந்த மகளை அவள் ஒரு முறை முறைத்தாள். குழந்தை எழுந்து ஓடி வந்து மடியில் விழுந்து, "இவ்ளோ நாளா எங்கேம்மா போன?" என்று தேம்பியது. அந்தப் படத்தில் அவர் கண்ணை மட்டும் தொடவில்லை. சூனியக்காரிக்கு அந்த முறைப்பே போதும் என்று விட்டிருந்தார்.

அதன்பின் வருடங்கள் ஓடின. புத்தகம் ஒன்பது பதிப்பு கண்டது. பள்ளிக் கூட்டங்களுக்கு அவள் போனால் பிள்ளைகள் கையெழுத்துக்கு முண்டியடிப்பார்கள். அடையாள அட்டை புதுப்பிக்க வேண்டியிருந்தபோது அவரே படம் எடுத்தார். பழக்க தோஷத்தில், "மருவ மட்டும் எடுத்துடவா?" என்று கேட்டுவிட்டார். அவள் முறைத்தாள். மூன்று மருவும் அட்டையில் தெளிவாக விழுந்திருக்கின்றன.